டிஷ்ஷா, வயரா? மலைநாட்டு வீட்டுக்கு டிவியும் இன்டர்நெட்டும்

டவுனில் உள்ள கடைக்குப் போய், “வீட்டுக்கு டிவியும் இன்டர்நெட்டும் வேணும்” என்று ஒரே மூச்சில் கேட்டால், கடைக்காரர் தன்னிடம் எது இருக்கிறதோ அதைத்தான் எடுத்து வைப்பார். அவர் பிழைப்பு அது. நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. டிவி ஒன்று, இன்டர்நெட் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கம்பனி, ஒரே பில் என்றால் வசதிதான், ஆனால் இலங்கையில் நம்ம மலைப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்தால்தான் காசும் மிஞ்சும், படமும் ஒழுங்காக வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கூரையில் இருக்கிற டிவி டிஷ் இன்டர்நெட் தராது. “டிஷ்தான் இருக்கே, அதிலிருந்து வைஃபை எடுக்க முடியாதா?” என்று எங்கள் பெரியம்மா கேட்டார், இன்னும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். அந்த டிஷ்ஷுக்கு வாங்க மட்டும்தான் தெரியும். செய்மதி ஊருக்கெல்லாம் பொதுவாகப் பொழிவதைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்பும், அவ்வளவுதான். இன்டர்நெட்டில் நீங்களும் கேட்க வேண்டும்: இந்தப் பக்கத்தைத் திற, அந்த வீடியோவைக் கொடு என்று உங்கள் போன் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குத் திரும்பிப் போகவும் ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதை வயர் வழியாகப் போகலாம், போன் டவர் வழியாகப் போகலாம், இப்போது வேறு வகைச் செய்மதி வழியாகவும் போகலாம்.

வயரில் வருவதில் மூன்று வகை உண்டு. பல வெளிநாட்டு நகரங்களில் தடித்த கோஆக்சியல் கேபிளில் டிவியும் இன்டர்நெட்டும் சேர்ந்து வரும். வெளிநாட்டு வீடியோக்களில் கேபிள் என்று பேசுவது பெரும்பாலும் இதைத்தான், தோட்டப் பக்கத்துக்கு அது எட்டவில்லை, விட்டுவிடலாம். இரண்டாவது, பழைய டெலிபோன் செம்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் விழும், மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் வீடியோ பார்ப்பதற்கே பொறுமை வேண்டும். மூன்றாவது ஃபைபர், கண்ணாடி இழையில் ஒளியாக வருவது. இதற்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை, வேகமும் இவற்றில் இதற்குத்தான் அதிகம். எஸ்எல்டி மொபிடெல்லின் பியோ டிவி இந்தத் தொலைபேசி, ஃபைபர் இணைப்பு வழியாகத்தான் வருகிறது, அதற்கு டிஷ் தேவையில்லை.

சரி, டிஷ். டிவிச் செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் பூமி சுற்றும் வேகத்துக்குச் சமமாக அதுவும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கிறமாதிரி. அதனால்தான் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி இறுக்கிவிட்டால் போதும். இங்கே டிஷ் வழியாக வரும் உள்ளூர்ச் சேவையான டயலொக் டிவியின் செய்மதி கிழக்குத் தீர்க்கரேகை 45 பாகையில் நிற்கிறது, நாம் இருப்பதோ 80, 81 பாகை அளவில். ஆகவே நம் ஊரில் அந்த டிஷ் மேற்குப் பக்கம், தொடுவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே, கொஞ்சம் மேலே பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் 48 பாகை போல வரும்.

மலையில் வீடு வைத்திருப்பவருக்கு இந்த ஒரு எண் தெரிந்தால் போதும், பாதிப் பிரச்சினை முடிந்தது. வீட்டுக்கு மேற்கே எழும்பும் மலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், 48 பாகைக்கு மேல் செங்குத்தாக எழும்பும் சரிவின் அடியில் யாரும் லயம் (தோட்டத்து வரிசை வீடு) கட்டுவதில்லை. மறைப்பது மரம்தான். தேயிலைக்கு நிழலுக்கு வைத்த சவுக்கு, லயத்துக்குப் பின்னால் வளர்ந்து நிற்கும் யூக்கலிப்டஸ், வேலியோரப் பலா. டிஷ் மட்டத்துக்கு மேலே மரம் எத்தனை அடி உயரம் நிற்கிறதோ கிட்டத்தட்ட அத்தனை அடி தள்ளியாவது டிஷ் இருக்க வேண்டும், அதற்குள் வந்தால் இலை குறுக்கே விழும். இன்றைக்குச் சரியாக வரும் படம் இரண்டு வருஷத்தில் மழை நாளில் மட்டும் விட்டு விட்டு வர ஆரம்பித்தால், பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் மேற்கே நிமிர்ந்து பாருங்கள், சவுக்கு வளர்ந்திருக்கும்.

இதில் ஒரு கண்மாயம் உண்டு. டிஷ்ஷின் முகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அங்கேதான் அது பார்க்கிறது என்று நினைப்போம். வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் அப்படியில்லை. நடுவில் இல்லாமல் கீழிருந்து நீட்டிய கையின் நுனியில் எல்என்பி (சிக்னலை வாங்கும் சின்னத் தலைப்பகுதி) இருக்கும்படி செய்த டிஷ் இது, ஆகவே முகம் காட்டும் திசையைவிட இருபது பாகைக்கு மேல் உயரத்தில்தான் உண்மையில் பார்க்கும். முகம் எதிர் மரத்தை நேராகப் பார்க்கிறதே என்று பயந்து மரத்தை வெட்டிவிடாதீர்கள், முதலில் பொருத்துகிறவரைக் கேளுங்கள்.

அப்புறம் மழை. “மலையில் டிஷ் சரிவராது, மிஸ்ட் வந்தாலே படம் போயிடும்” என்று ஒரு பேச்சு உண்டு. மிஸ்ட் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டிவிச் செய்மதி அனுப்பும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. மூடுபனியின் துளிகள் அதன் முன் தூசு மாதிரி, ஊடுருவிப் போய்விடும். தடுப்பது பெரிய மழைத்துளி, அதுவும் கூட்டமாக விழும்போது. அதனால்தான் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதத்திலிருந்து நாள் முழுக்க நசநசவென்று பெய்யும் தென்மேற்கு மழையில் படம் பெரும்பாலும் நின்றுவிடாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் கறுத்துக்கொண்டு வந்து அடிக்கிற இடிமழை இருக்கிறதே, அதில்தான் படம் சதுரம் சதுரமாக உடைந்து, பிறகு “சிக்னல் இல்லை” என்று எழுதிக் காட்டும். பத்து நிமிடம், கால் மணித்தியாலம், மழை குறைந்ததும் தானாக வந்துவிடும். பதுளை, பசறைப் பக்கம் வடகீழ் மழைக் காலமும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இது பெரிய நட்டமில்லை, கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் வந்தால்தான் வயிறு எரியும்.

மழையில் அடிக்கடி போகிறது, சின்ன மழைக்கே போகிறது, மரமும் மறைக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஷ் சரியாகத் திருப்பப்படவில்லை என்று அர்த்தம். டிஜிட்டல் படத்தில் நடுத்தரம் கிடையாது. சிக்னல் ஒரு அளவுக்கு மேல் இருந்தால் படம் பளிச்சென்று வரும், அதற்குக் கீழே போனால் ஒன்றுமே வராது. ஆகவே அளவுக்குச் சற்று மேலே அரைகுறையாகத் திருப்பி வைத்த டிஷ்ஷும் வெயில் நாளில் அருமையாகக் காட்டும், பொருத்த வந்தவரும் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். பெட்டியின் மெனுவில் சிக்னல் பலம், தரம் என்று இரண்டு கோடு காட்டும் பக்கம் இருக்கும். அவர் இருக்கும்போதே அதைத் திறந்து, தரம் ஏறுகிற மட்டும் ஏறட்டும் என்று டிஷ்ஷை மில்லிமீட்டர் கணக்கில் அசைக்கச் சொல்லுங்கள், கடைசியில் வந்த எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். எல்என்பியில் வயர் சேரும் இடத்தில் ரப்பர் டேப் சுற்றச் சொல்லுங்கள். மலை ஈரத்தில் அந்த மூட்டு பச்சை பிடித்துவிடும், பிறகு டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினாலும் பிரயோசனமில்லை.

லயத்துக் கூரைகளைப் பார்த்தால் ஒரே தகரத்தில் இரண்டு டிஷ் வெவ்வேறு திசையில் நிற்கும். மேற்கே பார்ப்பது உள்ளூர்க் கம்பனியுடையது. கிட்டத்தட்ட உச்சி வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பது இந்திய டிடிஎச், அதாவது இந்தியக் கம்பனிகளின் டிஷ் டிவி. இந்தியச் செய்மதிகள் 83, 93.5 பாகை போன்ற இடங்களில், அதாவது நம் தலைக்கு மேலேயும் கொஞ்சம் கிழக்கேயும் நிற்பதால் அப்படி. மரம் மறைக்காது, படம் சுத்தமாக வரும், தமிழ்ச் சேனல்களும் ஏராளம், ஆசை வருவது இயற்கைதான். ஆனால் அந்தக் கம்பனிகளின் அனுமதி இந்தியாவுக்கு மட்டும். இங்கே ரீலோட் செய்வது இடையில் ஒருவர் கையால்தான் நடக்கும், ஒருநாள் கார்டு பூட்டிக்கொண்டாலோ சேனல் வேறு செய்மதிக்கு மாறினாலோ முறையிட இங்கே ஆள் கிடையாது. சேனல் கூடுதல், பொறுப்பு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்கிவிட்டுக் கடைக்காரரோடு சண்டை பிடிப்பது வேறு. என்னைக் கேட்டால் வீட்டில் ஒரே டிவிதான் என்றால் உள்ளூர் டிஷ், அதிலேயே இந்தியத் தமிழ்ச் சேனல்கள் உள்ள பொதியைப் பார்த்து எடுப்பது நல்லது.

செய்தியும் சக்தி, வசந்தம் நாடகங்களும் போதும் என்கிறவர்களுக்கு மாதக் காசே வேண்டாம், கூரை அன்டனா இன்னும் வேலை செய்கிறது. ரூபவாஹினி 1982இல் ஆரம்பித்த காலத்திலிருந்து 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலை உச்சியிலிருந்து ஒளிபரப்பு வருகிறது. நடுவில் மலை மறைக்காத வீடாக இருந்தால் போதும். பள்ளத்து லயங்களில் படம் இரட்டையாகத் தெரியும், அதற்கு வழியில்லை.

இனி இன்டர்நெட். இதில் என் கருத்து நேரடியானது: ஃபைபர் உங்கள் வாசலுக்கு வருமென்றால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். வருமா என்பதை விளம்பரத்தில் பார்க்க வேண்டாம், ரோட்டுக்கு இறங்கி டெலிபோன் போஸ்டில் பாருங்கள். ஃபைபர் பிரியும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி போஸ்டில் தொங்கும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை டவுன் வீடுகளுக்கு இது பெரிய விஷயமில்லை. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் தேயிலைக்குள் போகும் டிவிஷனுக்கு ஒரு கம்பனி போஸ்ட் நட்டு வயர் இழுக்க வேண்டும் என்றால், பத்து வீடாவது கேட்க வேண்டும். தனியாளாகப் போய்க் கேட்பதைவிட லயத்திலும் பக்கத்து லயத்திலும் விருப்பமுள்ளவர்கள் பேரை எழுதிக்கொண்டு போனால் பேச்சுக்கு எடை கூடும். காணி தோட்டத்துடையது என்பதால் போஸ்ட் நடத் துரையின் சம்மதமும் வேண்டிவரும். முகவரியும் ஒரு தலைவலி, லயத்தில் பல வீட்டுக்குத் தனி இலக்கமே கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். மாதபில் இணைப்புக்கு முகவரிச் சான்று கேட்பார்கள், கிராம சேவகரின் கடிதத்தை முன்பே எடுத்து வைத்தால் இரண்டு தரம் அலைய வேண்டாம்.

இன்னொரு காரணமும் ஃபைபருக்கு உண்டு, மின்னல். செம்புக் கம்பி வழியாக இடி வீட்டுக்குள் வந்து ரவுட்டரை எரித்துவிட்டுப் போன கதை நம் ஊரில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனாலும் ரவுட்டரின் கரண்ட் வயர் இருக்கிறது, அதனால் வானம் கறுக்கும்போதே, இடி முழங்கத் தொடங்குவதற்கு முன்பே, பிளக்கைக் கழற்றுவது மாறாது. டிஷ் வயரையும் அப்போதே பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள், டிவி பிளக்கை மட்டும் இழுத்துவிட்டு டிஷ் வயரை அப்படியே விடுகிறோம், கூரையில் நிற்கும் இரும்போடு சேர்ந்திருப்பது அந்த வயர்தான்.

ஃபைபருக்கும் எதிரி உண்டு, மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மலைநாட்டில் ரோடும் போஸ்டும் சேர்ந்தே சரிந்தன. வயர் அறுந்தால் ஆள் வந்து ஒட்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த மாதிரி நேரத்துக்கு வீட்டில் வேறு கம்பனி சிம் ஒன்று காசோடு இருக்கட்டும்.

ஃபைபர் வராத வீட்டுக்கு அடுத்தது 4ஜி ரவுட்டர். உண்மையில் தோட்டங்களில் பல பேருக்கு இதுதான் வழி. சிம் போட்டு கரண்ட் கொடுத்தால் வைஃபை ரெடி. இங்கே தீர்மானிப்பது கம்பனியின் பெயர் இல்லை, உங்கள் வீட்டுக்கும் டவருக்கும் நடுவே இருக்கிற மலைதான். மேல் லயத்தில் நான்கு கோடு, கீழ் லயத்தில் ஒன்று, லயத்துக் கோடியில் உள்ள தொங்கக் காம்பராவில் மட்டும் இரண்டு, இது எல்லாத் தோட்டத்திலும் உள்ள கதை. எயர்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டதால் இப்போது டயலொக், எஸ்எல்டி மொபிடெல், ஹட்ச் என்று மூன்றுதான். ரவுட்டர் வாங்குவதற்கு முன் மூன்று சிம்மையும் யாரிடமாவது இரவல் வாங்கி உங்கள் வீட்டிலேயே சோதியுங்கள். கோட்டை எண்ணாதீர்கள், அது ஏமாற்றும். அண்ட்ராய்ட் போனில் அமைப்புகளுக்குள் போனைப் பற்றி என்ற இடத்தில் சிம் நிலை என்று இருக்கும், அதில் கழித்தல் குறியோடு ஓர் எண் காட்டும். கழித்தல் 85 என்றால் அருமை, கழித்தல் 100 என்றால் சமாளிக்கலாம், 110ஐத் தாண்டினால் அந்த இடத்தில் ரவுட்டர் வைப்பது வீண். ஜன்னலோரம், இஸ்தோப்பு, அடுப்பங்கரைப் பக்கம் என்று நடந்து நடந்து பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழேயும் தடித்த கல் சுவருக்குள்ளேயும் எண் எப்படி விழுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். வெளி அன்டனா மாட்ட இடமுள்ள ரவுட்டராக வாங்கினால், பள்ளத்து வீட்டிலும் கூரைக்கு மேலே ஏற்றி மீட்டுவிடலாம்.

இந்தச் சோதனையை இரவு எட்டு மணிக்குச் செய்யுங்கள், காலை பத்து மணிக்கு இல்லை. பகலில் எல்லோரும் மலையில் இருப்பார்கள், டவர் காலியாக இருக்கும். இரவில் அது சம்பள நாள் டவுன் பஸ் மாதிரி, சிக்னல் நன்றாகக் காட்டும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும்.

இனிச் செய்மதி இன்டர்நெட். 36,000 கிலோமீட்டரில் நிற்கும் செய்மதி வழியாக இன்டர்நெட் எடுப்பது பழைய முறை. உங்கள் கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய்க் கீழே வர 1,44,000 கிலோமீட்டர், ஒளியின் வேகத்திலேயே ஏறக்குறைய அரை செக்கன். வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஸ்டார்லிங்க் செய்மதிகள் 550 கிலோமீட்டர் போலத் தாழ்வாகப் பறப்பதால் அந்தத் தாமதம் இல்லை. 2025 ஜூலையிலிருந்து இலங்கையிலும் கிடைக்கிறது. ஆனால் அவை நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று வரும். ஆகவே டிவி டிஷ்ஷுக்குப் போல வானத்தில் ஒரு புள்ளி திறந்திருந்தால் போதாது, ஏறத்தாழ 110 பாகை அகலத்துக்கு வானம் வேண்டும். சவுக்கும் யூக்கலிப்டஸும் சூழ்ந்த வீட்டில் சில நிமிடத்துக்கொருமுறை அறுந்து அறுந்து வரும். காசு கட்டுவதற்கு முன்பே ஸ்டார்லிங்க் செயலியில் போன் கேமராவை வானத்துக்குக் காட்டித் தடை இருக்கிறதா என்று பார்க்கலாம், அது இலவசம். கருவிக்கே பெரிய தொகை, மாதக் கட்டணமும் ஒரு தோட்டக் குடும்பம் தனியாகத் தாங்குவது கஷ்டம். வீட்டில் விருந்தினர் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், டியூஷன் நடத்துகிறவர்கள், வெளிநாட்டுக்கு வேலை செய்து கொடுக்கிற பிள்ளைகள் உள்ள வீடு, இவர்களுக்கு வயரும் டவரும் கைவிட்டால் இது கைகொடுக்கும்.

“டிவியே எதற்கு, எல்லாம் யூடியூப்பில் பார்த்துக்கலாம்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். டேட்டாக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். எச்டி தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை போகும். ஒரு 20 ஓவர் மேட்ச் முழுதும் பார்த்தால் 10, 12 ஜிபி. தினமும் ஒரு மணித்தியாலம் சீரியல் என்றால் மாதம் 90 ஜிபி. பொதியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஜிபியில் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லுபடியாகும் டேட்டாவாக இருக்கலாம், அதைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள், விடியக் காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவருக்கு இரவு ஒரு மணி டேட்டா எதற்கு? டிஷ்ஷில் எத்தனை மணித்தியாலம் பார்த்தாலும் அதே காசு. அதனால் அளவுள்ள 4ஜி பொதிதான் உங்கள் வழி என்றால் டிவிக்கு டிஷ்ஷை வைத்துக்கொள்ளுங்கள், இன்டர்நெட்டைப் படிப்புக்கும் வாட்ஸ்அப்புக்கும் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசவும் விட்டுவிடுங்கள். ஃபைபர் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு மாறும், பியோ டிவி பெட்டி வழியாகப் பார்ப்பது இன்டர்நெட் டேட்டாவில் கழியாது, டிஷ் இல்லாமலே நடத்தலாம், மழைக்கும் பயமில்லை. கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட வைக்க மினி யூபிஎஸ் ஒன்று கடையில் கிடைக்கிறது, அது ஃபைபர் பெட்டிக்கும் ஆகும்.

காசு கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒன்றைக் கேளுங்கள்: பெட்டி யாருடையது, எத்தனை மாதம் கட்டாயம், வீடு மாறினால் என்ன ஆகும். லயத்திலிருந்து ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டும் வீட்டுக்கு இன்னும் ஒரு வருஷத்தில் போகப்போகிறீர்கள் என்றால் இது முக்கியம். டிஷ்ஷைக் கழற்றி எடுத்துப் போகலாம், மறுபடி திருப்பி வைக்கக் கூலி மட்டும்தான். 4ஜி ரவுட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், ஆனால் சில பொதிகளை ஒரு குறிப்பிட்ட டவரோடு கட்டிவிடுவார்கள், மலையின் அந்தப் பக்கம் போனால் வேலை செய்யாது, அதையும் கேட்டுவிடுங்கள். ஃபைபர் இழுக்கக் கொடுத்த காசு அந்தச் சுவரோடு நின்றுவிடும், புது வீட்டுப் பக்கம் போஸ்ட் வரும்வரை பொறுத்திருப்பதே மேல்.